தண்ணீரை நிறுத்தாதீர்கள்! வேலூர் வைத்தியரின் ஆய்வு தரும் பாடம்



இம்முறை நமது சுகாதாரப் பாடம் வயிற்றைப் பற்றியது. மழை தொடங்கினால் பீலித் தண்ணீர் கலங்கும். அதோடு லயத்தில் ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் வரும், அடுத்த கிழமை நாலு பிள்ளைக்கு வரும். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த நேரத்தில் வீட்டில் என்ன செய்கிறோம் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நான் அச்சுவேலியில் பிறந்தவன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது எனக்கு 15 வயது. மழைக்குள்ளே நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்தோம். கொடிகாமத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைக்குள் ஏழு குடும்பம் இருந்தோம். கிணறு ஒன்று, மலசலகூடம் இரண்டு. மூன்றாம் நாள் என் சின்னத்தம்பிக்கு வயிற்றாலை போகத் தொடங்கிவிட்டது. அப்போது அவனுக்கு மூன்று வயது.

"தண்ணி குடுக்காதை மேனை, குடுக்கக் குடுக்கத்தான் போகும்" என்று ஆச்சி சொன்னா. அம்மாவும் நிறுத்திவிட்டா. மாலைக்குள் பிள்ளையின் கண் உள்ளே போய்விட்டது, அழுதால் கண்ணீர் இல்லை. அவ்வழியே வந்த ஒரு நேர்ஸ் அக்கா பார்த்துவிட்டு, "தண்ணி குடுக்காட்டித்தான் அம்மா பிள்ளை போயிடும். கரண்டி கரண்டியாக் குடுங்கோ" என்று ஒரு ஜீவனிப் பைக்கற்றைக் கரைத்துத் தந்தா. விடியும்வரை நானும் அம்மாவும் மாறி மாறிக் கொடுத்தோம். தம்பி தப்பினான். அதே வகுப்பறையில் இன்னொரு பிள்ளைக்கும் அதே வருத்தம். அந்தத் தாய்க்கு இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அந்தப் பிள்ளை தப்பவில்லை. அன்றிலிருந்து இந்த விசயத்தை எங்கே பேசக் கிடைத்தாலும் நான் பேசாமல் விடுவதில்லை.

உப்பும் சீனியும் சேர்ந்து திறக்கிற கதவு

வயிற்றோட்டத்தில் பிள்ளை இறப்பது பெரும்பாலும் உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் வெளியே போய்விடுவதால். அதைத் திருப்பி உள்ளே அனுப்பவேண்டும். ஆனால் வெறும் தண்ணீரைச் சிறுகுடல் அந்த நேரத்தில் போதுமான அளவு உறிஞ்சாது. சிறுகுடலின் உள்சுவரில் ஒரு கதவு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு தனியே வந்து தட்டினால் அது திறக்காது. குளுக்கோஸ் என்ற சீனியும் உப்பும் கைகோத்து வந்தால் திறக்கும். இரண்டும் உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னால் போகும். கொலரா வந்த குடலில்கூட இந்தக் கதவு பழுதாவதில்லை. ஜீவனியின் இரகசியம் இவ்வளவுதான்.

இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதும் ஒரு அகதி முகாமில்தான். 1971இல் கிழக்குப் பாகிஸ்தான் யுத்தத்தால் இலட்சக்கணக்கான சனம் இந்தியாவுக்குள் வந்தது. எல்லையோரம் பொங்கான் என்ற ஊரில் கொலரா பரவியது. வைத்தியர் திலீப் மகலனாபிஸ் அங்கே போனபோது சேலைன் போத்தல் முடிந்துகொண்டிருந்தது. உப்பையும் குளுக்கோசையும் கலந்து பெரிய பாத்திரங்களில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரரின் கையிலேயே கோப்பையைக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்த இடத்தில் அது நூற்றுக்கு 3.6 ஆகக் குறைந்தது. அவர் 2022இல் காலமானார்.

வேலூரில் கேட்ட கேள்வி

ஆனால் தாய்மார் ஒரு நியாயமான முறைப்பாடு வைத்தார்கள். நமது தோட்டத்திலும் ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "சேர், ஜீவனி குடுத்தும் போறது நிக்கலையே?" உண்மைதான். ஜீவனி உயிரைக் காக்கும், போவதை உடனே நிறுத்தாது. இதனாலேயே பலர் அரைவாசியில் விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் தமிழ்நாடு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குடல்நோய்ப் பிரிவில் இருந்த வைத்தியர் பி. எஸ். ராமகிருஷ்ணா. அந்த ஆஸ்பத்திரியை 1900இல் ஒரேயொரு கட்டிலோடு தொடங்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவருடைய பாட்டனார் ஜோன் ஸ்கடர், 1820 அளவில் நமது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். ஆகவே வேலூருக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு.

ராமகிருஷ்ணா யோசித்தது இது. ஜீவனியில் உள்ள குளுக்கோஸ் முழுவதும் சிறுகுடலிலேயே முடிந்துவிடுகிறது. பெருங்குடலுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. பெருங்குடலும் தண்ணீர் உறிஞ்சுவதில் கெட்டிக்கார உறுப்பு. அதையும் வேலைக்கு இறக்கினால் என்ன?

பெருங்குடலில் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. கிருமி என்றதும் பயப்படவேண்டாம், பாலைத் தயிராக்குவதும் கிருமிதான். சில வகை மாச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும். அங்கே இந்தக் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து ஒருவகைக் கொழுப்பமிலங்களை உண்டாக்கும. பெருங்குடல் இந்த அமிலங்களை உறிஞ்சும்போது உப்பும் தண்ணீரும் கூடவே உள்ளே போகும். பெருங்குடற் சுவருக்கு இந்த அமிலங்களே சாப்பாடும் ஆகின்றன.

இதைச் சோதிக்க கொலரா வந்த 48 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான உப்பு–குளுக்கோஸ் கரைசல். இன்னொன்றுக்கு அதோடு லீற்றருக்கு 50 கிராம் அரிசிமா. மூன்றாவதற்கு லீற்றருக்கு 50 கிராம், செரிக்காத வகைச் சோளமாச்சத்து. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்கு வயிற்றோட்டம் சராசரி 91 மணித்தியாலம் நீடித்தது. அரிசிமாப் பிரிவில் 71 மணித்தியாலம், சோளமாச்சத்துப் பிரிவில் 57 மணித்தியாலம். அதாவது ஒரு நாளுக்கு மேலே மிச்சம். அமெரிக்க, அவுஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த இந்த ஆய்வு 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழில் வெளிவந்தது. அடுத்த வருடம், 2001இல், பங்களாதேஷில் நாட்பட்ட வயிற்றோட்டம் உள்ள பிள்ளைகளுக்கு அவித்த வாழைக்காய் கொடுத்தும் நல்ல பலன் கண்டார்கள். அதிலும் இதே வகை மாச்சத்துத்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு ஜீவனிக்குள் மாவைக் கரைத்துவிடாதீர்கள். அவர்கள் பாவித்தது அளந்து தயாரித்த தனி வகை மாச்சத்து. ஜீவனியைப் பைக்கற்றில் உள்ளபடியே கரையுங்கள். நாம் எடுக்கவேண்டிய பாடம் வேறு: வயிற்றோட்டத்தில் தண்ணீரையும் நிறுத்தக்கூடாது, சாப்பாட்டையும் நிறுத்தக்கூடாது.

வீட்டில் செய்யவேண்டியவை

1. சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீற்றர் அளந்து, ஜீவனி ஒரு பைக்கற் முழுவதையும் அதில் கரையுங்கள். அரைப் பைக்கற், அரைத் தண்ணீர் என்று கண்மட்டத்தில் கலக்கவேண்டாம். 24 மணித்தியாலம் கடந்தால் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

2. ஒவ்வொரு முறை போனபிறகும், இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர், பெரிய பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றர் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிசம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் திரும்பக் கொடுங்கள்.

3. ஜீவனி கையில் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் சீனி மட்டமாக ஆறு தேக்கரண்டியும், உப்பு மட்டமாக அரைத் தேக்கரண்டியும் போட்டுக் கரையுங்கள். உப்பு கூடினால் ஆபத்து. போத்தல் சோடாவும் சீனி கூடிய தேத்தண்ணியும் இதற்கு மாற்று ஆகாது.

4. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அடிக்கடி பால் கொடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்குக் கஞ்சி, குழைத்த சோறு, பருப்பு, அவித்த வாழைக்காய் கொடுக்கலாம்.

5. வைத்தியர் நாகக் குளிசை தந்தால், வயிற்றோட்டம் நின்றபிறகும் அவர் சொன்ன நாள் முழுவதும் கொடுங்கள். வழக்கமாக அது 10 முதல் 14 நாள்.

உடனே டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய அடையாளங்கள்: மலத்தில் இரத்தம், கண் குழிவிழுதல், பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருத்தல், குடிக்க முடியாமை, விடாத வாந்தி, கடும் காய்ச்சல். இந்த நேரம் பேர் போட்டாச்சே, அரைநாள் சம்பளம் போகுமே என்று மலையிலேயே நிற்கவேண்டாம். கங்காணியிடம் சொல்லிவிட்டு வாருங்கள். பிள்ளைக் காம்பராவில் இருந்து ஆள் அனுப்பினாலும் அப்படியே. வழியில் தண்ணீர் கொடுப்பதை விடாதீர்கள்.

நல்ல நாளில் வயிற்றைப் பார்ப்பது

வருத்தம் வராத நாளிலும் குடலின் நல்ல கிருமிகளுக்குச் சாப்பாடு வேண்டும். கோதுமைமா ரொட்டியும் சம்பலும் மட்டும் மூன்று வேளையும் என்றால் அவற்றுக்குக் கிடைப்பது குறைவு. வாரத்தில் சில நாளாவது குரக்கன், கடலை, பயறு, கீரை, வாழைக்காய் சேருங்கள். லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் கீரை போதியளவு வரும்.

சோறு ஆறினால் அதில் செரிக்காத மாச்சத்து கொஞ்சம் கூடும். நம் பெரியவர்கள் பழஞ்சோறு சாப்பிட்டதில் அந்த அளவுக்கு விசயம் இருக்கிறது. ஆனால் பழஞ்சோற்றுத் தண்ணீர் சுத்தமாக இருக்கவேண்டும், பானை மூடியிருக்கவேண்டும். மணமோ வழுவழுப்போ மாறினால் கொட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் வயிற்றோட்டம் உள்ளவர்களுக்கும் அன்றன்று ஆக்கிய சோறே நல்லது.

குடிதண்ணீரைக் கொதிக்கவைப்பது, மலசலகூடம் பாவிப்பது, செருப்புப் போடுவது, இவை பழைய பாடம்தான். 1916இலேயே ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிக்க வந்து சொன்னதும் இதைத்தான். நூறு வருடம் கழித்தும் சொல்லவேண்டியிருக்கிறது.

வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்

1. குடலின் கதவைத் திறக்க உப்போடு சேரவேண்டியது எது?
2. ஜீவனி ஒரு பைக்கற்றுக்குத் தண்ணீர் எவ்வளவு?
3. உடனே டிஸ்பென்சரிக்குப் போகவேண்டிய அடையாளங்கள் மூன்று சொல்லுக.

என் தம்பிக்கு இப்போது சொந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவன் வீட்டுச் சமையலறைத் தட்டில் இரண்டு ஜீவனிப் பைக்கற் எப்போதும் இருக்கும். நீங்களும் இந்தச் சம்பளத்திலேயே இரண்டு பைக்கற் வாங்கிப் பிள்ளைகளுக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள். பக்கத்துக் காம்பராவில் ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று கேள்விப்பட்டால் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் இந்தப் பாடத்தைச் சொல்லுங்கள்.