ஒரே கம்பி, இரு வேகம்

இருபதாம் நூற்றாண்டின் அறிவியல் விந்தைகளுள் ஒன்று இணையம். இந்தியாவில் பொதுமக்களுக்கு அது 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று கிடைத்தது. அன்று அரசு நிறுவனமாக இருந்த விதேஷ் சஞ்சார் நிகாம் இச்சேவையைத் தொடங்கியது. அந்நாளில் இணையம் வீட்டிற்குள் நுழைந்த வழி தொலைபேசிக் கம்பியே. அந்த முறைக்கு டயல்-அப் என்று பெயர். பின்னர் அதே கம்பியில் பன்மடங்கு விரைவான இணைப்பு வந்தது. இது எவ்வாறு இயன்றது என்பதைக் காண்போம்.

மோடம் என்னும் மொழிபெயர்ப்பாளர்

தொலைபேசி மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளை மட்டுமே அது ஏற்று அனுப்பும். பேச்சைப் புரிந்துகொள்ள இது போதும். கணிப்பொறிக்கோ 0, 1 என்னும் இரண்டே எழுத்துகள். அவற்றை ஒலியாக மாற்றி அனுப்பவும், வந்த ஒலியை மீண்டும் 0, 1 ஆக்கவும் உதவிய கருவியே மோடம். இணைப்புக் கிடைக்குமுன் அது எழுப்பிய கீச்சொலி, இரு முனை மோடங்களும் எந்த வேகத்தில் பேசலாம் என்று தமக்குள் முடிவு செய்துகொண்ட ஒலியாகும்.

வழி குறுகியதாதலால் வேகமும் குறைவு. மிகச் சிறந்த மோடமும் நொடிக்கு 56 கிலோபிட்டுக்கு மேல் பெற இயலாது. 4 மெகாபைட் அளவுள்ள ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். 1 பைட் என்பது 8 பிட். ஆகவே பாடலின் அளவு 32,000 கிலோபிட். இதை 56ஆல் வகுத்தால் 571 நொடி, அதாவது ஒன்பதரை நிமிடம்! அவ்வளவு நேரமும் வீட்டுத் தொலைபேசி இயங்காது. தாத்தாவுக்கு உடல்நலமில்லை என்று ஊரிலிருந்து அவசரமாக அழைத்தாலும் அழைப்பு உள்ளே வராது.

பயன்படாமல் கிடந்த இடம்

உண்மையில் அந்தச் செப்புக் கம்பி பத்து லட்சம் ஹெர்ட்ஸ் வரையிலும் சில கிலோமீட்டர் தூரம் சுமக்க வல்லது. அகலமான சாலையில் ஓர் ஓரத்தில் மட்டும் நடந்து வந்தோம்! டி.எஸ்.எல். என்னும் முறை குரலுக்குக் கீழ்ப்பகுதியை விட்டுவிட்டு, ஏறத்தாழ 25,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியை இணையத்திற்கு எடுத்துக்கொண்டது. ஸ்பிளிட்டர் என்னும் சிறு பெட்டி இரண்டையும் பிரித்துக் கொடுத்தது. 2004இல் வெளியான பிராட்பேண்ட் கொள்கை, குறைந்த அளவு நொடிக்கு 256 கிலோபிட் என வரையறுத்தது. அதே பாடல் இப்போது 125 நொடியில் வந்தது. தொலைபேசியும் மணி அடித்தது.

அடுத்து வந்தது ஒளியிழை. நாம் இயற்பியலில் படிக்கும் முழு அக எதிரொளிப்பினால் ஒளி அதனுள் பயணம் செய்கிறது. கண்ணாடி இழையில் செய்தியைத் தொலைதூரம் அனுப்பலாம் என்று 1966இல் காட்டிய சார்லஸ் காவோ 2009இல் நோபல் பரிசு பெற்றார். நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் அந்தப் பாடல் ஒரு நொடிக்குள் வந்துவிடும்.

நம் கடமை

2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் இணையத்தின் வழியே வந்தன. இணைப்பு மெலிந்த வீடுகளில் ஆசிரியையின் குரல் பாதியில் அறுந்தது. விரைவான இணைப்பு ஆடம்பரமன்று, ஒரு மாணவியின் பாடம் என்பதை அன்று கண்டோம்.

தாலந்து உவமையில் தலைவர் திரும்பி வந்து கணக்குக் கேட்கிறார். விரைவான இணைப்பு நமக்கு மிச்சப்படுத்தித் தந்த ஒன்பதரை நிமிடமும் ஒரு தாலந்துதான். அதை வீணே புதைத்துவிடாமல், பாடத்தைத் தவறவிட்ட ஒரு தோழிக்குக் குறிப்பெழுதிக் கொடுப்போமாக!

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி