வாயில்லாத கெர்னல்

கேள்வி: நானே கம்பைல் செய்த லினக்ஸ் கெர்னல், திரையில் ஒரு வரிகூடக் காட்டாமல் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. பிழையைச் சொல்லக்கூடாதா?

பதில்: சொல்ல அதற்கு இன்னும் வாய் முளைக்கவில்லை! தொடக்கக் கணங்களில் திரை டிரைவர் கிடையாது. செய்திகள் நினைவகத்தில் காத்திருக்கும், கணினி விழுந்தால் அவையும் போச்சு. பிழை நேர்ந்தால் எக்ஸ்86 பிராசசர் அதைக் கையாளும் நிரலின் முகவரியை ஓர் அட்டவணையில் தேடும். அட்டவணை தயாராக இல்லையா? தேடப்போன இடத்தில் இரண்டாவது பிழை. அதையும் கையாள முடியாவிட்டால் டிரிப்பிள் ஃபால்ட்: பிராசசர் நின்றுவிட, மதர்போர்டு சத்தமில்லாமல் ரீசெட் செய்துவிடும். உங்களுக்கு நடப்பது அநேகமாக இதுதான்.

பூட் வரியில், தொடக்கச் செய்திகளை உடனுக்குடன் வெளியே அனுப்பும் ‘இயர்லிபிரிண்ட்கே’ விருப்பத்தைச் சீரியல் போர்ட்டுக்கு அமைத்து, கேபிளை இன்னொரு கணினியில் செருகிப் பாருங்கள். பழைய முறைதான், ஆனால் இதற்கு இணை இல்லை. சீரியல் போர்ட் இல்லாத லேப்டாப் என்றால், அதே கெர்னலை முதலில் கியூஎமு என்ற எமுலேட்டரில் ஓட்டுங்கள்.