வள்ளத்தில் ஆண்டவர் இருந்தும் மனம் கலங்குவதேன்?

“சுவாமி, நாள் தவறாமல் செபமாலை சொல்லுறன், ஞாயிறு பூசையும் விடுறதில்லை. எண்டாலும் மனம் ஆறுதில்லை. எனக்கு விசுவாசம் காணாதோ?”

தீவகப் பங்குகளில் குருக்கள் கேட்டுப் பழகிய கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் ஒரு தாயாக இருப்பார். “எல்லாம் ஆண்டவருடைய சித்தம், அழாதே பிள்ளை” என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. அந்த மறுமொழி போதாது என்றே கூறத் துணிகின்றோம்.

மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கலிலேயாக் கடல் உண்மையில் ஓர் ஏரி. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 210 மீற்றர் கீழே, மலைகளுக்கு நடுவே கிடப்பது. மலையிலிருந்து காற்று திடீரென இறங்கினால் சிறிது நேரத்தில் அலை எழும்பிவிடும். அன்று வள்ளத்தில் இருந்தவர்களுள் பேதுருவும் அந்திரேயாவும் செபதேயுவின் மக்களும் அந்தக் கடலிலேயே தொழில் செய்தவர்கள். நமது கடற்றொழிலாளர் வாடையையும் சோளகத்தையும் அறிந்திருப்பதுபோல் அவர்களும் அந்தக் காற்றை அறிந்தவர்கள். அத்தகையோரே பயந்தார்கள் என்றால் ஆபத்து மெய்யானது. ஆண்டவரோ பின்பக்கத்தில் தலையணை வைத்து உறங்கிக்கொண்டிருக்கின்றார். நாங்கள் சாவது உமக்குக் கவலையில்லையா என்ற பொருள்படச் சீடர்கள் அவரிடம் முறையிடுகின்றார்கள். மரியாதையான செபம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் அவர் எழுந்து முதலில் கடிந்துகொண்டது காற்றைத்தான். விசுவாசத்தைப் பற்றிய கேள்வி அதன் பின்னரே வருகின்றது. மத்தேயு இவ்வரிசையை மாற்றி எழுதுகின்றார் என்பதை அறிவோம். ஆயினும் மாற்கு தரும் வரிசையில் நமக்குப் பெரிய ஆறுதல் உண்டு. கதறுகிறவனை ஆண்டவர் முதலில் காப்பாற்றுகின்றார், படிப்பிப்பது பிறகு.

நமது கடலிலும் இக்கேள்வி எழுந்தது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அன்று காற்று அடங்கவில்லை, கதறலுக்கு மறுமொழி கிடைக்கவில்லை என்றே தோன்றும். இதற்கு எளிதான விளக்கம் எம்மிடம் இல்லை. ஆனால் அதே குமுதினி திருத்தப்பட்டு மீண்டும் ஓடியது. நெடுந்தீவு மக்கள் அதில் ஏறினார்கள். ஆசுப்பத்திரிக்கும் கச்சேரிக்கும் போக வேறு வழியில்லாமல் ஏறியவர்களும் உண்டு. ஏறும்போது சிலுவை அடையாளம் வரைந்த கையில் நடுக்கம் இருந்திருந்தால், அதற்காக அவர்களுடைய விசுவாசத்தை யார் குறைவென்பார்?

2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் திகதி அல்லைப்பிட்டியில் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்தன. பலர் இறந்தனர். எஞ்சியோரை ஊர்காவற்றுறைக்குக் கொண்டு செல்லப் பாடுபட்டவர் பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளார். ஒரு வாரம் கழித்து, 20ஆம் திகதி, துணைக்கு ஒருவருடன் அல்லைப்பிட்டிக்குச் சென்றார். அதன் பின் இருவரையும் கண்டவர் இல்லை. இறந்தார் என்றால் அடக்கப் பூசை உண்டு, கல்லறை உண்டு. காணாமற் போனார் என்றால் என்ன உண்டு? அத்தகைய வீட்டில் இரவு படலை அசைந்தாலும் தாய் எழுந்து உட்காருவாள். அவளிடம் போய் “அமைதியாயிரு” என்பது, “கேளாதே, பேசாதே” என்பதாக முடிந்துவிடக் கூடாது. தன் பிள்ளை எங்கே என்று அவள் கேட்பதும் செபமே. அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கேட்பதும் விசுவாசத்துக்கு விரோதமன்று.

உயிர்த்த ஆண்டவர் சீடர்களிடம் வந்தபோது அவர்கள் பயத்தால் கதவடைத்து இருந்தார்கள். சமாதானம் சொன்ன உடனே அவர் காட்டியது தமது காயங்களை. தழும்புகளை மறைத்து வைத்துக்கொண்டு அவர் சமாதானம் தரவில்லை. நாமோ விருந்தினர் வந்தால் துயரத்தை உள்ளறையில் பூட்டிவிட்டு, “சுகமாயிருக்கிறம்” என்கிறோம். ஆண்டவரிடமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோமோ?

குடும்பச் செபமாலை முடிந்ததும் உடனே எழுந்து அடுப்படிக்குப் போகாமல், சற்று நேரம் அப்படியே இருந்து பாருங்கள். அன்று உங்களை வாட்டிய ஒன்றை, கடனோ, தகவலில்லாத மகனோ, அண்ணன் தம்பி காணிச் சண்டையோ, பெயர் சொல்லி அவரிடம் சொல்லுங்கள். கோபமாயிருந்தால் கோபமாகவே சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்டால் கேட்கட்டும். முதல்நாளே மனம் ஆறிவிடும் என்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை. தனியே சுமந்ததை இருவராய்ச் சுமப்பது தெரியவரும்.

இன்னொன்றையும் மாற்கு மட்டுமே குறிப்பிடுகின்றார்: ஆண்டவருடைய வள்ளத்தோடு வேறு வள்ளங்களும் அன்று கடலில் இருந்தன. காற்று அடங்கியபோது அவற்றுக்கும்தான் அடங்கியது. குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருப்பவர்களுக்குப் பக்கத்தில், நயினை அம்மனிடம் போகிறவர்களும் நாகவிகாரைக்குப் போகும் சிங்களச் சனங்களும் நிற்கிறார்கள். நமது செபத்தில் அந்த வள்ளங்களுக்கும் இடமிருக்கட்டும்.