அழுதபடியே பாடிய நாடகம்

நாடகம்னா நமக்கு ஹாஸ்டல் டே காமெடியோடு சரி. நியூயார்க்கில் ஒரு இசை நாடகத்துக்காக நம் வயசுப் பசங்க ராத்திரி முழுக்க ரோட்டில் படுத்துக் கிடந்தார்கள் என்று படித்ததும், அதன் கதையைத் தேடிப் போனேன்.

நாடகம் "ரெண்ட்". எழுத்து, இசை இரண்டும் ஜோனதன் லார்சன். ஏறக்குறைய பத்து வருஷம் ஹோட்டல் சப்ளையராக இருந்துகொண்டே எழுதியவர். 1996 ஜனவரி 25 இரவு, டிக்கெட் வாங்கியவர்கள் பார்க்கும் முதல் காட்சி. அன்று அதிகாலையிலேயே, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்து இறந்துவிட்டார். வயசு 35.

காட்சி ரத்து. குடும்பத்தாரும் நண்பர்களும் மட்டும் கூடினார்கள். நடிக்காமல், உட்கார்ந்தபடி பாட்டுகளை மட்டும் பாடுவதாக ஏற்பாடு. முதல் பாதியின் கடைசிப் பாட்டு வந்ததும் நடிகர்களால் உட்கார முடியவில்லை, எழுந்து ஆடிவிட்டார்கள்! மீதியை முழுசாகவே நடித்தார்கள். முடிந்ததும் கைதட்டல், அப்புறம் நீண்ட மௌனம். கூட்டத்தில் யாரோ அவர் பேரைச் சொல்லி நன்றி என்று கத்தினார்.

ஒரு வருஷத்தின் நிமிஷங்களை எண்ணும் பாட்டு இதில் உண்டு. (365 × 24 × 60 = 5,25,600. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், சரிதான்!)

பிறகு புலிட்சர் பரிசு, டோனி விருதுகள். அவருக்கான டோனியை சகோதரி வாங்கிக்கொண்டார். ஆனால் என்னைக் கேட்டால், நிஜமான அஞ்சலி டிக்கெட் கவுண்டரில்தான் நடந்தது. பிராட்வேயில் முன் இரண்டு வரிசை 20 டாலர்தான். காசில்லாதவன் முன்னால், கோட்டுப் போட்டவன் பின்னால்! அதற்குத்தான் அந்த ராத்திரிக் க்யூ. 2008 செப்டம்பர் 7 வரை 5,123 காட்சிகள் ஓடியது.