இஸ்கூலும் டேசனும் பிழையா?
(ஆங்கிலச் சொற்களின் தமிழ் ஒலிப்பு வேறுபாடுகள்: ஓர் ஆய்வு)

முன்னுரை

பிறமொழிச் சொல் கலவாத மொழி உலகில் இல்லை. தமிழர் இல்லங்களிலும் விடியற்காலைக் காபி முதல் இரவில் அணைக்கும் லைட்டு வரை நாளொன்றுக்கு எத்தனையோ ஆங்கிலச் சொற்கள் புழங்குகின்றன. அவற்றை நீக்கித் தூய தமிழ்ச் சொற்களை ஆளவேண்டும் என்பார் உளர். அவ்வழக்கினுள் இக்கட்டுரை புகவில்லை. ஒரே ஆங்கிலச் சொல் ஊருக்கு ஊர், இல்லத்துக்கு இல்லம் வெவ்வேறாக ஒலிப்பது ஏன்? அவ்வேறுபாட்டைப் பிழையென்று ஒதுக்கலாமா? இவ்விரு வினாக்களுக்கு விடை காண்பதே இதன் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தது என் குறையே. பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய வேறொரு கல்லூரியில், முதலாமாண்டு மாணவர்களைத் தம்மை அறிமுகம் செய்துகொள்ளுமாறு கூறினேன். மலையூரிலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து, தாம் படித்த பள்ளியை ‘இஸ்கூல்’ என்றார். வகுப்பு சிரித்தது. அடக்கியிருக்க வேண்டிய நானும் புன்னகைத்தேன். அம்மாணவர் மூன்றாண்டுகள் வகுப்புக்குத் தவறாமல் வந்தார். தேர்வுகளை நன்றாகவே எழுதினார். ஆனால் வகுப்பில் மறுபடி வாய் திறக்கவில்லை. அந்தப் புன்னகை என்மேல் கடனாக நிற்கிறது. அக்கடனில் ஒரு பகுதியையேனும் இக்கட்டுரையால் தீர்க்க முயல்கிறேன்.

வெள்ளகவியில் கேட்டவை

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை வழியாகக் கீழிறங்கினால் வெள்ளகவி என்னும் ஊரை அடையலாம். வண்டிச்சாலை இன்றி நெடுங்காலம் வாழ்ந்த ஊர் அது. ஊர் முழுவதையும் கோயிலாகக் கருதும் மக்கள் அங்குச் செருப்பணிவதில்லை. 1821-ஆம் ஆண்டு பழனி மலையை அளவிட வந்த ஆங்கிலேய அலுவலர் வார்டு, குன்னுவர் வாழ்ந்த இவ்வூரிலிருந்தே மேலேறிக் கொடைக்கானல் பகுதியை அடைந்தார் என்பது வரலாறு. மேல்மலைக்கு ஆங்கிலம் ஏறிய பழைய வழிகளுள் ஒன்று வெள்ளகவி எனலாம்.

மாணவர் சிலருடன் அவ்வூருக்குச் சென்றிருந்தபோது ஒரு வீட்டுத் திண்ணையில் எங்களை அமரச் செய்தனர். அவ்வீட்டு மூதாட்டி, “காப்பித்தண்ணி குடிக்கிறீகளா?” என்றார். அவருடைய மகன் அதனைக் ‘காப்பி’ என்றார். கொடைக்கானலில் தங்கிப் படிக்கும் பேரனோ ‘காஃபி’ என்றான். நோயுற்றவர்களை டோலி கட்டித் தூக்கிச் சென்ற நாள்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மூதாட்டி ‘ஆசுபத்திரி’ என்று சொல்ல, பேரன் இடைமறித்து, “ஹாஸ்பிட்டல்னு சொல்லு பாட்டி” என்று திருத்தினான். அவர் சற்றும் தயங்காமல், “எப்படிச் சொன்னா என்னப்பா, தூக்கிட்டுப் போற தூரம் ஒண்ணுதானே” என்றார். ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை, மூன்று ஒலிப்பு. சொல் உணர்த்தும் பொருளில் மட்டும் வேறுபாடில்லை.

நாவறிந்த இலக்கணம்

கல்லாதார் பிறமொழிச் சொல்லைச் சிதைத்துவிடுகின்றனர் என்பது பொதுவான கருத்து. நம் இலக்கண நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு நோக்கினால் அக்கருத்து நிலைபெறவில்லை. வடசொல் தமிழில் வழங்கும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்துக்கு இயைந்து வரவேண்டும் என்று தொல்காப்பியர் எச்சவியலில் விதி வகுத்தார். அவ்விதியின் உட்கருத்தை ஆங்கிலச் சொற்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

முதலாவதாக, வகரம் உ, ஊ, ஒ, ஓ என்னும் நான்கு உயிர்களோடு கூடிச் சொல்லுக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பிய விதி. ‘வோட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ்நாட்டார் ‘ஓட்டு’ என்றே வழங்குகின்றனர். மேடைப் பேச்சாளரும் செய்தித்தாளும் அவ்வாறே வழங்குவதால் அதனைக் கேட்டு எவரும் சிரிப்பதில்லை. ஆனால் மின்பணியாளர் ‘ஓல்ட்டேஜ்’ என்றால் சிரிக்கிறோம். இரண்டுக்கும் விதி ஒன்றே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இரண்டாவதாக, வடசொற்களில் மெய்யெழுத்தை அடுத்து ய, ர, ல வரின் இடையே இகரம் தோன்றும் என்கிறது நன்னூல். வக்கிரம், சுக்கிலம் போன்றவை அதற்குக் காட்டுகள். பிரேக், டிரைவர், கிளாசு, பிளேட்டு, கிளிப்பு ஆகியவற்றில் தோன்றும் இகரம் எங்கிருந்து வந்தது? நன்னூலை ஒருநாளும் கேட்டறியாத ஓட்டுநரின் நா, அந்நூல் கண்டு சொன்ன இயல்பின்படியே நடக்கிறது.

மூன்றாவதாகக் குற்றியலுகரம். கோட்டு, சோப்பு, கப்பு, பெஞ்சு, ரோடு என வல்லினத்தில் முடியும் ஆங்கிலச் சொற்கள் உகரம் பெறுகின்றன. இதில் நுட்பம் ஒன்றுண்டு. ‘கோட்’ என்பது வல்லோசையில் முடிவதால் ‘கோட்டு’ என ஒற்று இரட்டிக்கிறது. ‘ரோட்’ என்பதன் இறுதி மெல்லோசை உடையதாதலின் ‘ரோடு’ என ஒற்றைத் டகரமே நிற்கிறது. ஆங்கிலம் இரண்டு எழுத்துகளால் காட்டும் வேறுபாட்டை, எழுதப் படிக்கத் தெரியாத உழவரும் இரட்டித்தும் இரட்டிக்காமலும் காட்டிவிடுகிறார். மேலும், வீடு ‘வீட்டில்’ என்றும் நாடு ‘நாட்டில்’ என்றும் ஆவது போல, ரோடு ‘ரோட்டில்’ என்று வேற்றுமை ஏற்கிறது. தமிழ்ப் புணர்ச்சி விதிக்கு உட்பட்ட பின் அச்சொல்லை வெளியூரார் என்று எவ்வாறு சொல்வது?

வட்டார வேறுபாடு

நா தன் மொழியின் விதியைப் பின்பற்றுகிறது என்றால், தமிழ் பேசும் நாவெல்லாம் ஒன்றுபோல் ஒலிக்க வேண்டாவோ என்னும் ஐயம் எழலாம். தமிழின் ஒலிப்பே வட்டாரந்தோறும் வேறுபடுவதால், அதன்வழி வரும் ஆங்கிலமும் வேறுபடுகிறது.

ஆங்கிலத்தின் டகர ஒலி நம் தகரமும் அன்று, டகரமும் அன்று, இரண்டிற்கும் இடைப்பட்டது. தமிழ்நாட்டார் அதற்கு டகரத்தைத் தேர்ந்து ‘டிக்கெட்’, ‘டாபி’, ‘டியூசன்’ என்றனர். யாழ்ப்பாணத்தார் ‘ரிக்கற்’, ‘ரொபி’, ‘ரியூசன்’ என்று எழுதினர். காரணம் தெளிவானது. ‘காற்று’ என்பதைத் தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கு ‘காத்து’ ஆக்கிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலோ றகர இரட்டையின் பழைய ஒலி நிலைத்து நிற்கிறது. அவ்வொலி ஆங்கில ஒலிக்கு மிக அணித்தானது. கையில் இருந்ததை அவர்கள் பயன்படுத்திக்கொண்டனர். நம்மிடம் அது தேய்ந்துவிட்டமையால் நாம் டகரத்தை நாடினோம். ‘ரிக்கற்’ என்பதைக் கண்டு நகைக்கும் தமிழ்நாட்டு மாணவர், தாம் இழந்த ஒன்றையே நகைக்கிறார் என்பதை உணரவேண்டும்.

உயிரொலியிலும் இவ்வாறே. நாம் டாக்டர், ஆபீஸ், லாரி, காபி என ஆகாரம் இடுமிடத்தில், இலங்கையார் டொக்டர், ஒபிஸ், லொறி, கோப்பி என ஒகர ஓகாரங்களை இடுகின்றனர். ஆங்கிலேயர் அங்கு ஒலிப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட உயிர். இருசாராரும் பாதி வழி சென்றுள்ளனர். வேறு வேறு பாதி.

நம் மலையடிவாரத்திலேயே இத்தகைய சான்றுகள் உண்டு. கொடைக்கானலுக்கு மலைச்சாலை பிரியும் இடம் ‘காட்ரோடு’ என்று வழங்குகிறது. மலைவழியைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லை ஆங்கிலேயர் எடுத்தாள, அது ரோட்டுடன் சேர்ந்து நம் ஊர்ப்பெயராயிற்று. ‘காட்டு ரோடு’ என்று அதற்குப் பொருள்கொண்டு செல்லும் பயணிக்கும் வழி தவறுவதில்லை. வெள்ளகவியும் அவ்வாறே. ‘வெள்ளகவி’ என்று எழுதுவோரும் ‘வெள்ளகெவி’ என்று எழுதுவோரும் உளர். நம் சொந்த ஊர்ப்பெயரே ஒரு நிலையில் நில்லாதபோது, கடல் கடந்து வந்த சொல் ஒரே நிலையில் நிற்கும் என எதிர்பார்ப்பது பொருந்துமா?

இல்ல வேறுபாடு

வட்டாரத்தினும் நுண்ணியது இல்லம். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள் வேறு வேறாக ஒலிக்கக் காண்கிறோம். ‘ஸ்டேஷன்’ என்பதன் முன்நிற்கும் கூட்டெழுத்தைத் தமிழ் நா ஏற்பதில்லை. ஆகவே தமிழ் வழங்கும் வீடுகள் பல ‘டேசன்’ என முதலெழுத்தைக் கைவிட்டன. வேறு சில வீடுகள் ‘இஸ்டேசன்’, ‘இஸ்கூல்’ என இகரத்தை முன்னே சேர்த்தன. வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஊர்களில் உருது பேசும் இல்லங்களிலும் இவ்விகரத்தைக் கேட்கலாம். வடநாட்டின் பல பகுதிகளில் பரவிய ஒலிப்பு அது. என் மாணவர் சொன்ன ‘இஸ்கூல்’ அவர் ஒருவரின் தடுமாற்றம் அன்று, கோடிக்கணக்கானோர் வழக்கு.

நம் சமுதாய இல்லங்களில் வேறொரு நிலையும் காணப்படுகிறது. எங்கள் வீட்டில் என் பாட்டியார் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். ரயிலை ‘ரெயிலு’ என்பார். பேங்கை ‘பேங்கி’ என்பார். ஆனால் ‘ஃபோன்’ என்பதை மட்டும் கீழுதடு மேற்பல்லைத் தொடத் திருத்தமாகச் சொல்வார். ஆங்கிலம் கற்ற அத்தாவோ ‘போன்’ என்றார். இளமையில் இது எனக்கு விளங்கவில்லை. குர்ஆன் ஓதப் பழகியவர் அரபு எழுத்துகளை அவற்றின் பிறப்பிடமறிந்து ஒலிக்கப் பயின்றவர் என்பதும், அங்கே ‘ஃபா’ என்னும் எழுத்து உண்டு என்பதும் பின்னர் நினைவுக்கு வந்தன. ஆங்கிலம் அறியாத அவர் அவ்வொலியை அரபியிலிருந்து பெற்றிருந்தார்.

மறுபுறம், அரபுப் பெயர்களே தமிழ் நாவில் தமிழாகியுள்ளன. ஃபாத்திமா பாத்திமா ஆனார். இப்ராஹீம் இபுராகீம் ஆனார். உமர் உமறு ஆனார். சீறாப்புராணம் பாடிய பெரும்புலவரை நாம் உமறுப்புலவர் என்றே போற்றுகிறோம். இறுதியில் நிற்கும் அந்த உகரம் அவர் புகழைக் குறைத்ததுண்டா? பெயருக்குப் பொருந்திய நியாயம், பஸ்ஸுக்கும் லைட்டுக்கும் பொருந்தாமற் போகுமா?

ஆங்கிலர் நாவும் அவ்வாறே

‘எங்ஙனமாயினும் ஆங்கிலேயர் ஒலிப்பே சரியானது’ என்பார்க்கும் ஒன்று கூறல் வேண்டும். அவர்களுக்குள்ளும் ஒருமை இல்லை. வெள்ளகவிக்கு வந்த வார்டின் படைப்பதவியைப் பிரிட்டானியர் ‘லெஃப்டெனன்ட்’ என்பர். 1845-இல் கொடைக்கானலில் முதல் இரு பங்களாக்களைக் கட்டியவர்கள் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர். அவர்கள் நாட்டார் அதே பதவியை ‘லூட்டெனன்ட்’ என்பர். எழுத்துக் கூட்டு ஒன்றே. தக்காளியை ஒருவர் ‘டொமாட்டோ’ என, மற்றவர் ‘டொமேட்டோ’ என்பர். ‘ஈதர்’ என்றும் ‘ஐதர்’ என்றும் ஒரே சொல்லை இருவகையாக ஒலிக்கும் ஆங்கிலக் குடும்பங்களும் உண்டு.

நம் சொற்கள் அவர்கள் நாவில் பட்டபாட்டையும் எண்ணிப் பார்க்கலாம். பழனி மலையைப் ‘புல்னி’ என்று படிக்கும்படி எழுதினர். தூத்துக்குடியை ‘டூட்டிகொரின்’ ஆக்கினர். நம் ‘சோலை’ அவர்கள் நூல்களில் ‘ஷோலா’ ஆயிற்று. அச்சொல்லை இன்று நம்மவரே ‘ஷோலாக் காடு’ என எழுதுகின்றனர். தமிழ்ச் சொல் ஆங்கில நாவில் திரிந்தால் அது அறிவியல் சொல். ஆங்கிலச் சொல் தமிழ் நாவில் திரிந்தால் அது அறியாமை. இந்த அளவுகோல் நடுவுநிலை உடையதன்று.

காபியின் வரலாறு இதனை நன்கு விளக்கும். அரபியரின் ‘கஹ்வா’ துருக்கியரிடம் ‘கஹ்வே’ ஆகி, டச்சுக்காரரிடம் ‘கோஃபி’ ஆகி, ஆங்கிலேயரிடம் ‘காஃபி’ ஆயிற்று. பின்பு அது காப்பிச் செடியோடு பழனி மலைச் சரிவுக்கும் வந்து, வெள்ளகவித் திண்ணையில் ‘காப்பித்தண்ணி’ ஆயிற்று. இவ்வரிசையில் எவர் ஒலிப்புப் பிழை? ஆங்கிலேயரிடம் நின்றுவிட்டால் சரி, அதற்கு அப்பால் ஓரடி வைத்தால் பிழை என்று சொல்ல இடமில்லை.

செய்யத்தக்கன

இவ்வளவும் கூறியதனால், பொது ஒலிப்பைக் கற்பிக்க வேண்டா என்பது என் கருத்தன்று. நேர்காணலுக்குச் செல்லும் மாணவர் ‘டேசன்’ என்றால், எதிரில் இருப்பவர் இக்கட்டுரையைப் படித்தவராக இருக்கமாட்டார். ஆகவே கற்பிக்கத்தான் வேண்டும். கற்பிக்கும் முறையில்தான் மாற்றம் தேவை.

பேசும்போது இடைமறித்தல் ஆகாது. பேசி முடித்தபின் தனியே கூறல் நன்று. ‘இது பிழை’ என்று தொடங்காமல், ‘இது வீட்டு வழக்கு, அவையில் வழங்குவது இது’ என இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டலாம். பேச்சுவழக்கில் ‘வந்தாக’ என்பவரும் எழுத்தில் ‘வந்தார்கள்’ என்பதை நாம் ஏற்கெனவே இவ்வாறுதான் கற்பிக்கிறோம். மாணவர் தம் வீட்டில் மூன்று தலைமுறையினரும் ஒரே சொல்லை ஒலிக்கும் வகையைக் குறித்து வருமாறு பணிக்கலாம். செலவில்லாத கள ஆய்வு அது. நகைப்புக்குரியதாகக் கருதிய பாட்டியின் சொல் ஆய்வுக்குரியதாக உயர்ந்துவிடும். பெற்றோரும் பெரியோரும், பிள்ளைகள் விருந்தினர் முன்னிலையில் தம்மைத் திருத்துவதைப் பெருமையாக எண்ணி ஊக்குவித்தல் வேண்டா.

முடிவுரை

ஒலிப்பு வேறுபாடு என்பது ஒரு சொல் நடந்துவந்த வழியின் தடம். வட்டாரம், இல்லம், ஓதிய மொழி, பழகிய தொழில் ஆகிய அனைத்தும் அதில் பதிந்துள்ளன. தமிழ் நாவில் ஏறிய ஆங்கிலச் சொற்கள் தமிழின் ஒலி ஒழுங்கிற்கு இயைந்தே மாறியுள்ளன என்பதை மேற்காட்டிய சான்றுகள் புலப்படுத்தும். அவையில் வேறு ஒலிப்பைக் கற்றுக்கொள்வது மாணவர் கடமை. வீட்டு ஒலிப்புக்காக அவர் நாணாதபடி காப்பது ஆசிரியர் கடமை.

வெள்ளகவியின் எல்லையில் நாங்களும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். அது அவ்வூர்க்கு நாங்கள் செய்த மரியாதை. இன்னொருவர் பேச்சினுள் நுழையும்போதும் அத்தகைய மரியாதை வேண்டும். அன்று அந்த மாணவர் எழுந்து பேசிய வகுப்பினுள் நான் செருப்போடு நுழைந்துவிட்டேன். இனி வரும் மாணவர்க்கேனும் அது நேராதிருப்பதாக.