குளத்துக் களையும் ஒரு மூட்டை யூரியாவும்

ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவன் தண்ணீரைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிரிக்காதீர்கள். இது பாடப் புத்தகத்துத் தண்ணீர் இல்லை. எங்கள் ஊர்க் குளத்துத் தண்ணீர்.

ஊர் கிளென்மார்கன். பைக்காராத் தண்ணீர் இங்குள்ள போர்பேக்கு வந்து, பென்ஸ்டாக் குழாயில் 900 மீட்டருக்கும் மேல் கீழே இறங்கி, சிங்காரா பவர் ஹவுஸில் பெல்டன் சக்கரத்தைச் சுற்றுகிறது. 1932-ல் ஓட ஆரம்பித்த திட்டம். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்கத்தான் வருவார்கள். நான் சொல்ல வந்தது லயன் வீடுகளுக்குக் கீழே கிடக்கும் 20 சென்ட் குளத்தை. தேயிலை நாற்றுக்கும் வீட்டுப் புழக்கத்துக்கும் அதிலிருந்துதான் பம்ப் வைத்து ஏற்றுவார்கள்.

அந்தக் குளத்தை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. சில ஊர்களில் வெங்காயத்தாமரை என்பார்கள். இலைக்காம்பு வெங்காயம் மாதிரி வீங்கி, உள்ளே காற்றுடன் மிதப்பதால் அதுவே பொருத்தமான பெயர். அழுகிய வேர் ஃபுட் வால்வில் அடைத்து, பம்ப் தண்ணீர் எடுக்காமல் வெறுமனே ஓடும். அம்மா உட்பட எல்லோரும் குடத்தோடு ஓடைக்கு இறங்க வேண்டும். அட்டைக்கடி வேறு.

போன வருஷம் மே லீவில் ஒன்பது பேர் சேர்ந்து இறங்கினோம். முதலில் டேப் வைத்து அளந்தோம். 40 மீட்டருக்கு 20 மீட்டர். மூங்கில் சட்டத்தில் ஒரு சதுர மீட்டர் செடியைத் தனியாக எடுத்து, நீர் வடிந்ததும் நிறுத்தோம், 22 கிலோ. அப்படியானால் குளம் முழுக்க 17 டன்னுக்கு மேல்! நாலு நாள் இழுத்து இழுத்துக் கரையில் குவித்தோம். பம்ப் ஆபரேட்டர் அண்ணன் மட்டும், "தம்பிங்களா, கரையிலேயே போட்டா மழை அதைத் திருப்பிக் கொடுத்துடும்" என்றார். நாங்கள் கேட்கவில்லை. டிப்ளமோ படிக்கிறோம் அல்லவா!

ஜூனில் மழை பிடித்தது. குவியல் அழுகி, கறுப்புச் சாறு நேராகக் குளத்தில் இறங்கியது. எட்டாத மூலையில் சுமார் 25 சதுர மீட்டர் செடியை விட்டிருந்தோம். 25, 50, 100, 200, 400, 800. ஐந்தே இரட்டிப்பு. வெயில் ஊரில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிக்கும் செடி, எங்கள் குளிரில் ஏறக்குறைய மாதம் ஒன்று எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான் வித்தியாசம். அக்டோபரில் குளம் பழையபடி பச்சை.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்தச் செடியில் 95 சதம் தண்ணீர். 17 டன்னில் காய்ந்த சரக்கு சுமார் 880 கிலோ. அதில் நைட்ரஜன் 2 சதம் என்று வைத்தால் 17 கிலோ சொச்சம். யூரியாவில் நைட்ரஜன் 46 சதம். ஆக, குளத்தில் மிதந்தது கிட்டத்தட்ட 38 கிலோ யூரியா. ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. மேலே தேயிலைக்குப் போட்ட உரமும் மாட்டுக்கொட்டகை மூத்திரமும் மழையில் இறங்கி, செடியாக எழுந்து நிற்கிறது. நாங்கள் மூட்டையைத் தூக்கிக் கரையில் வைத்துவிட்டு, மழையில் மறுபடி கரைத்து ஊற்றியிருக்கிறோம்!

ஊட்டி ஏரியிலும் இதே கதைதான், பெரிய அளவில். 1820-களில் சல்லிவன் உண்டாக்கிய ஏரி அது. கோடப்பமந்து கால்வாய் நகரக் கழிவைக் கொண்டுவந்து சேர்க்கும்வரை, எத்தனை முறை தாமரையை வாரினாலும் அது திரும்பத்தானே செய்யும்? வங்காளத்தில் 1936-ல் இந்தச் செடிக்கு எதிராகச் சட்டமே போட்டார்கள். செடி சட்டம் படிக்கவில்லை.

மருந்தடித்தால் என்ன என்று கேட்பீர்கள். 2,4-டி அடித்தால் சாகும், உண்மை. ஆனால் செத்த 17 டன்னும் அங்கேயே மூழ்கி அழுகும்போது தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் மிதக்கும். அதனால்தான் அடித்தாலும் ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடிக்கக் கூடாது என்பார்கள். புழக்கத் தண்ணீரில் அந்தப் பேச்சே வேண்டாம். பாசிக்கு மயில்துத்தம் போடலாம் என்றார் ஒருவர். நீலகிரித் தண்ணீர் உப்புக் குறைந்த மென்னீர். அதில் தாமிரத்தின் விஷம் மீனுக்கு இன்னும் அதிகமாக ஏறும். 1980-களில் பெங்களூர் ஏரிகளில் இந்தச் செடியைத் தின்னும் கூன்வண்டுகளை விட்டு நல்ல பலன் கண்டார்கள். எங்கள் குளிரில் வண்டு மெதுவாகத்தான் பெருகும். புல்கெண்டை மீனுக்கோ மெல்லிய நீர்ப்புல்தான் இஷ்டம், இதை அவ்வளவாகத் தொடாது.

ஜனவரியில் உறைபனி இலையைக் கருக்கியது. தானாகச் செத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். தண்ணீருக்குள் இருந்த தண்டு உயிரோடுதான் இருந்தது. ஆனாலும் எடை குறைந்திருந்ததால் அதுவே நல்ல நேரம். இந்த முறை காலி கேன்களைக் கயிற்றில் கட்டி மிதவை செய்து, இரண்டு கரையிலும் ஆள் நின்று, செடியை ஒரே மூலைக்கு ஒதுக்கினோம். எடுத்ததைக் குளத்துக்குக் கீழ்ச் சரிவில் குழி வெட்டிச் சாணத்தோடு அடுக்கினோம். கொட்டகை ஓடையைத் திருப்பி, ஒரு வண்டல் தொட்டி கட்டினோம். கட்டடம் என்றதும் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. தேயிலைக்கும் கரைக்கும் நடுவே மூன்று மீட்டர் புல்லை வெட்டாமல் விட்டோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவர் போய், தலை காட்டும் செடியைப் பிடுங்குகிறார்கள். அரை மணி நேர வேலை.

பம்ப் ஓடுகிறது. ஆனால் மேலே மூடி போனதும் வெயில் உள்ளே இறங்கி, இப்போது அடியில் வேலம்பாசி கிளம்பியிருக்கிறது. தரையில் ஊறிய பழைய சத்து இன்னும் மிச்சம் இருக்கிறதே! ஃபுட் வால்வைச் சுற்றி மட்டும் வாராவாரம் வாரிவிட்டு, மற்றதை விட்டிருக்கிறோம். வரும் கோடையில் நீர் இறங்கும்போது வண்டலை எடுக்கத் திட்டம். லெவல் எடுக்க ஆட்டோ லெவல் வேண்டும், லேபில் இரவல் கேட்டிருக்கிறேன். வர விருப்பமுள்ள நண்பர்கள் ஹாஸ்டலில் சொல்லவும். சாப்பாடு எங்கள் வீட்டில். அட்டைக்கு உப்பு நீங்கள் கொண்டுவர வேண்டும்.