சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

ஆரணி

அன்புள்ள மருமகனுக்கு,

மரத்தில் இறங்கும் திருகாணி ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று உள்ளே போவதுபோல, புரொப்பல்லரும் ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி ஒரு தூரம் முன்னேற வேண்டும். அந்தத் தூரத்துக்குப் பெயர் பிட்ச். 8 அங்குலப் பிட்ச் என்றால் சுற்றுக்கு 8 அங்குலம். தண்ணீர் மரத்தைப்போலப் பிடிகொடுக்காது, விலகிக்கொடுக்கும். கணக்குப்படி போக வேண்டிய தூரத்துக்கும் படகு போன தூரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்லிப். ஸ்லிப் இல்லாத புரொப்பல்லர் கிடையாது. இதழ் தண்ணீரைப் பின்னால் தள்ளுவதால்தான் படகு முன்னால் போகிறது. அந்தத் தள்ளல்தான் கணக்கில் ஸ்லிப்பாகத் தெரிகிறது. இலேசான வேகப் படகில் அது 10 முதல் 15 சதவீதம் இருக்கும். வலையும் ஆளும் ஐஸ் பெட்டியும் ஏறிய மீன்பிடிப் படகில் 30, 40 என்று போவது சகஜம். ஒரே படகில், ஒரே சுமையில், போன மாதம் 30 ஆக இருந்தது இந்த மாதம் 45 ஆனால் அப்போதுதான் கோளாறு தேட வேண்டும்.

கணக்கு எளிது. எஞ்சினின் ஆர்.பி.எம்.மைப் பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, வந்ததை 1215-ஆல் வகுத்தால் நாட் கணக்கில் வேகம் கிடைக்கும். 5000 ஆர்.பி.எம்., 8 அங்குலப் பிட்ச், 2.08 கியர் என்றால் விடை 15.8 நாட். ஜி.பி.எஸ். 11 நாட் காட்டினால் ஸ்லிப் 30 சதவீதம். பிட்ச் அளவு புரொப்பல்லரிலேயே குத்தியிருக்கும். இரண்டு எண்களில் முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச். கைப்பிடியால் திருப்பும் சிறிய அவுட்போர்டில் ஆர்.பி.எம். மீட்டர் இருக்காது. பிளக் வயரில் சுற்றிவைக்கும் சிறிய மீட்டர் போதும். அதில் டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் என்று மாற்றும் இடம் தவறாக இருந்தால் பாதியோ இருமடங்கோ காட்டும். அதை முதலில் சரிபார்க்காமல் செய்த கணக்கெல்லாம் வீண்.

ஜி.பி.எஸ். காட்டுவது தரையை வைத்து அளந்த வேகம், தண்ணீரை வைத்து அளந்ததல்ல. பழவேற்காட்டு முகத்துவாரத்தில் வற்றுநீர் கடலுக்குள் இழுக்கும்போது அதனோடு ஓடினால் படகு பறப்பதுபோலத் தெரியும். எதிரே வந்தால் எஞ்சின் செத்துவிட்டதுபோலத் தெரியும். அதனால் ஒரே தூரத்தைப் போக ஒருமுறை, வர ஒருமுறை ஓட்டி இரண்டு வேகத்தின் சராசரியை எடுக்க வேண்டும். தேதி, ஆர்.பி.எம்., வேகம், படகில் எத்தனை பேர், எவ்வளவு எண்ணெய் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பது, எந்த மெக்கானிக்கின் யூகத்தையும்விடப் பெரிய உதவி.

எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது புரொப்பல்லரின் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ். இதழ் மணலிலோ கட்டையிலோ மோதும்போது கியர் உடையாமல் அடியைத் தாங்குவதற்காக வைத்தது அது. பலமுறை அடிவாங்கிய ரப்பர் பிடிவிட்டு உள்ளேயே சுழலும். மெதுவாக ஓட்டினால் படகு ஒழுங்காகப் போகும். முடுக்கியதும் எஞ்சின் மட்டும் கத்தும். விட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். சோதனைக்கு நகப்பூச்சு ஒரு சீசா போதும். கில் ஸ்விட்ச் கயிற்றை எடுத்து, பிளக் வயரைக் கழற்றிய பிறகுதான் புரொப்பல்லரில் கை வைக்க வேண்டும். நட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் பித்தளைக் குழாய், ரப்பர், வெளி அலுமினியம் மூன்றையும் தொட்டுக்கொண்டு ஒரே நேர்கோடு இழுத்துக் காயவிட்டு, மாட்டி, முழு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டிக் கழற்றிப் பார்க்க வேண்டும். கோடு ஒன்றாக இருந்தால் புஷ் நல்லது. உள்கோடு ஓரிடம், வெளிக்கோடு ஓரிடம் என்று விலகியிருந்தால் வேறு விசாரணை தேவையில்லை, புதிய ரப்பரைப் பிரஸ்ஸில் வைத்து ஏற்ற வேண்டியதுதான். செலவை மிச்சம் பிடிக்க போல்ட் போட்டோ வெல்டு வைத்தோ அதை இறுக்கிவிடுவது பெரிய தவறு. அடுத்த அடி நேராகக் கியருக்குப் போகும். அந்தச் செலவுக்கு முன்னால் ரப்பரின் விலை ஒன்றுமே இல்லை. கழற்றிய கையோடு காட்டர் பின்னையும் புதிதாகப் போட வேண்டும்.

அடுத்தது இதழ். ஆரணியில் கோடைக்கு மணலாகக் கிடக்கும் ஆறு, மழைக்காலத்தில் பொன்னேரி வழியாக ஓடிப் பழவேற்காடு ஏரியில் வண்டலைக் கொட்டுகிறது. ஏரியின் பெரும்பகுதியில் ஆளுயரத் தண்ணீர்கூட இல்லை. முகத்துவாரமோ மணல் சேர்ந்து சேர்ந்து தூர்கிறது. அங்கே ஓடும் புரொப்பல்லர் தண்ணீரோடு மணலையும் சிப்பியையும் அறுத்துக்கொண்டே ஓடுகிறது. இதழின் முன்விளிம்பு மழுங்கி, நுனி கரைந்து, விட்டம் குறைந்துபோவது மாதக்கணக்கில் நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. புதிய புரொப்பல்லரைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். இதழ் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, சமதளமான கண்ணாடி மேல் புரொப்பல்லரைக் கவிழ்த்து நிறுத்தி, நடுவிலிருந்து ஒரே தூரத்தில் ஒவ்வொரு இதழின் இரு விளிம்பும் கண்ணாடியிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். மூன்று இதழுக்கும் ஒரே அளவு வர வேண்டும். சின்ன வெட்டுகளை அரத்தால் வழவழப்பாக்கலாம். துண்டு போனதை ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பலாம், ஆனால் பிட்ச்சும் எடைச் சமனும் பார்க்கத் தெரிந்த பட்டறையில்தான். சமன் தப்பிய புரொப்பல்லரின் அதிர்வு பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்றுவிடும். நைலான் நரம்பு ஷாஃப்ட்டில் சுற்றிக்கொண்டாலும் சீல் அறுந்து தண்ணீர் ஏறும். கியர் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

புஷ்ஷும் இதழும் நன்றாக இருந்தும் திருப்பத்திலும் அலையிலும் மட்டும் எஞ்சின் கத்தினால், புரொப்பல்லர் காற்றை இழுக்கிறது என்று பொருள். பலர் இதைக் கேவிடேஷன் என்பார்கள், அது வேறு. இதழின் முதுகில் அழுத்தம் மிகக் குறைந்து தண்ணீரே ஆவியாகிக் குமிழ் வெடிப்பதுதான் கேவிடேஷன். அது இதழில் அம்மைத் தழும்புபோலக் குழி விடும். காற்று இழுப்பதற்கு முதல் காரணம் எஞ்சின் உயரம். புரொப்பல்லருக்கு மேலே தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் தகடு, படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். பின்பலகை உயரமான படகில் 15 அங்குல ஷாஃப்ட் எஞ்சினை மாட்டினால், எந்தப் புரொப்பல்லரை மாற்றியும் பயன் இல்லை. 20 அங்குல ஷாஃப்ட்தான் வேண்டும். ஆழமில்லாத இடத்தில் தூக்கிவைத்த எஞ்சினை ஆழத்துக்கு வந்ததும் இறக்க மறப்பது இன்னொரு காரணம். புகை நடுவழியாகப் போகும் புரொப்பல்லரில் பின்முனையின் விரிந்த வளையம் உடைந்திருந்தாலும் புகை இதழுக்கு ஏறும்.

டிரிம் என்பது எஞ்சின் கால் பின்பலகையோடு நிற்கும் சாய்வு. பிராக்கெட்டில் உள்ள துளைகளில் பின்னை மாற்றி இதைத் திருத்தலாம். கால் மிகவும் உள்ளே இருந்தால் அணியம் தண்ணீரை உழும், கைப்பிடி கனக்கும், ஆள் நனைவான். மிகவும் வெளியே இருந்தால் அணியம் வானம் பார்க்கும், தாளம்போட்டாற்போல ஏறி ஏறி விழும், திருப்பத்தில் காற்று இழுக்கும். ஓடும்போது புரொப்பல்லருக்கு மேலுள்ள அந்தத் தகடு நீர்மட்டத்துக்கு இணையாக இருப்பதே சரி. ஒரு துளை மாற்றி, ஓட்டி, நோட்டில் எழுதி, பிறகு அடுத்த துளை. இரண்டு மாற்றத்தை ஒரே நாளில் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

எந்தத் துளையும் சரிவரவில்லை என்றால் காரணம் சுமையில் இருக்கிறது. எண்ணெய் கேன், ஐஸ், ஆள் எல்லாம் பின்னால் சேர்ந்தால் அணியம் இறங்காது. தளத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீர் ஆளைவிட மோசமான சுமை. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சேரும். மீன்பிடிப் படகு வலையைத் தாழ்வாக வைத்து ஓட்டக் கட்டியது. அதில் மனிதர்கள் விளிம்பில் உட்கார்ந்தும் எழுந்து நின்றும் வந்தால் கனம் மேலே ஏறிப் படகின் நிலை குலையும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஆகவே சுமையைப் பிரித்து வைப்பதை எண்ணெய்ச் செலவுக் கணக்காக மட்டும் பார்க்கக் கூடாது. கேட்டவர்களையெல்லாம் ஏற்றிக்கொள்ளும் படகோட்டி எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் டிரிம் அவர் கையில் இல்லை.

சுமையும் சரி, ஆனால் முழு வேகத்தில் எஞ்சின் தன் கையேட்டில் சொன்ன ஆர்.பி.எம்.மைத் தொடவில்லை என்றால், பிட்ச் அதிகம். ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும். அதற்கு முன் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் கரி படிந்து சக்தி குறைந்திருக்கலாம். படகின் அடியில் பாசியும் கொட்டலசும் அப்பியிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். எல்லாம் சரியாக இருந்தாலும், 25 அடி நீர்க்கோடு உள்ள படகு சுமார் 6.7 நாட் வரைதான் தண்ணீரைச் சுலபமாகப் பிளக்கும். அதற்குமேல் ஒவ்வொரு நாட்டுக்கும் எண்ணெய் மிகக் கூடுதலாகச் செலவாகும். சென்னையில் இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் 1986-இல் சிறு படகுகளின் எரிபொருள் செலவு பற்றி வெளியிட்ட கையேடு, வேகத்தைக் கொஞ்சம் குறைப்பதையே முதல் சிக்கனமாகச் சொன்னது. திரும்பிவரும் அவசரத்தில் யாருக்கும் மனம் வராத காரியம் அது, ஆனாலும் உண்மை.

கடைசியாகக் கைப்பிடி ஒரு பக்கமாக இழுப்பது. புரொப்பல்லருக்குச் சற்று மேலே, தகட்டின் அடியில் சிறிய மீன்வால் போன்ற ஒரு துண்டு இருக்கும். படகு வலப்பக்கம் இழுத்தால் அதன் பின்முனையை வலப்பக்கமும், இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கமும் கொஞ்சம் திருப்பி போல்ட்டை இறுக்க வேண்டும். பல எஞ்சின்களில் இந்தத் துண்டே துத்தநாகத்தால் ஆனது. உப்புநீர் அலுமினியத்தை அரிக்காதபடி அது தன்னை அரிக்கவிட்டுக் கரைந்துபோகும். அதன்மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

அன்புடன்,
மாமா